முதியோர் இல்லத்துக்குள் ஒரு தொலைக்காட்சி நிலையம்

டெல்லியில் நடக்கும் குடியரசு நாள் அணிவகுப்பையும் லண்டனில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தையும் ஒரு முதியோர் இல்லத்தின் அறையில் படுத்தபடியே பார்க்க முடிகிறது. ஆனால் அதே கட்டடத்தில், ஐம்பது மீட்டர் தள்ளியுள்ள பொதுக்கூடத்தில் நடக்கும் பொங்கல் விழாவைப் பார்க்க முடிவதில்லை. நடக்க இயன்றவர் கூடத்துக்குப் போய்விடுகிறார். சக்கர நாற்காலியில் இருப்பவரை ஒருவர் தள்ளிச் செல்கிறார். எழவே முடியாதவர், தாழ்வாரம் வழியே வரும் பேச்சொலியை மட்டும் கேட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார்.

இக்குறையைப் போக்கப் பெரிய நிலையம் எதுவும் தேவையில்லை. ஒரு கேமரா, ஒரு மாடுலேட்டர், சில பிரிப்பான்கள், தேவையான நீளத்துக்கு வடம், இவை போதும். அறையில் ஏற்கெனவே உள்ள தொலைக்காட்சிப் பெட்டியே அந்த இல்லத்தின் சொந்த நிகழ்ச்சியையும் காட்டும். கருவிகள் எளியவைதாம். ஆனால் அவற்றை இணைக்கும் முறையில் இயற்பியல் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் கம்பி இழுத்தால் முதல் அறையில் படம் பளிச்சென்று தெரியும்; கடைசி அறையில் வெறும் புள்ளிகள்தாம் தெரியும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். இந்தியா முழுமைக்கும் அப்போது இது 8.6 விழுக்காடு. மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர்க்கு இல்லங்கள் அமைப்பது பற்றி 2007-ஆம் ஆண்டு மையச் சட்டம் ஒன்றும் பேசுகிறது. முதியோர் இல்லங்களின் தேவை பெருகிவரும் இக்காலத்தில் இப்பொருள் பற்றி அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

முன்னோடிகள்

படுக்கையில் இருப்பவருக்குக் கம்பி வழியே நிகழ்ச்சி அனுப்பும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் யார்க் நகர மருத்துவமனையில் 1925-இலேயே கட்டில் அருகே தலைக்கேள்விகளைப் பொருத்தி நோயாளிகளுக்கு ஒலி நிகழ்ச்சிகளை வழங்கினர்.

தொலைக்காட்சி கம்பிக்கு வந்தது 1948-இல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் அஸ்டோரியா என்ற ஊரில் வானொலி நிலையம் நடத்திய எட் பார்சன்ஸ் என்பவர், ஒரு தங்கும் விடுதியின் கூரையில் ஏரியல் வைத்தார். சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சியாட்டில் நகர நிலையத்தின் படம் அதில் கிடைத்தது. அதை வடம் மூலம் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு பிறருக்கும் பகிர்ந்தார். இன்றைய கேபிள் தொலைக்காட்சியின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. நம் நாட்டில் 1980-களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வீடியோ கேசட் கருவியிலிருந்து பல வீடுகளுக்குக் கம்பி இழுத்துப் படம் காட்டியவர்களே கேபிள் தொழிலுக்கு வழிகாட்டினர்.

குஜராத் மாநிலத்தில் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த பீஜ் என்ற கிராமத்தில் 1975-இல் ஒரு சிறு அலைபரப்பி நிறுவப்பட்டது. அதன் நிகழ்ச்சிகளில் அந்த வட்டாரத்து மக்களே பேசினர், நடித்தனர். தங்கள் பேச்சையும் தங்கள் சிக்கல்களையும் அவர்கள் திரையில் கண்டனர். இம்மூன்றையும் ஒன்றுசேர்த்தால் நாம் பேசும் இல்லத் தொலைக்காட்சி கிடைத்துவிடும். யார்க்கிலிருந்து கட்டில், அஸ்டோரியாவிலிருந்து வடம், பீஜிலிருந்து சொந்த நிகழ்ச்சி.

படம் கம்பியில் ஏறுவது எப்படி?

நம் நாட்டில் பின்பற்றப்பட்ட பால் முறைத் தொலைக்காட்சியில் ஒரு முழுப் படம் 625 கோடுகளால் ஆனது. நொடிக்கு 25 படங்கள். இவ்வளவு செய்தியைச் சுமக்கும் மின்குறிப்பு 0 முதல் சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். ஆனால் பெட்டியின் ஏரியல் துளை இக்குறிப்பை நேரடியாக ஏற்காது. அது உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலையின் மீது ஏறி வரவேண்டும். இவ்வாறு ஏற்றுவதே பண்பேற்றம். இதைச் செய்யும் சிறு பெட்டிதான் மாடுலேட்டர். கேமராவையோ கணிப்பொறியையோ ஒருபுறம் இணைத்தால் மறுபுறம் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை வெளிவரும். எடுத்துக்காட்டாக, 5-ஆம் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் படம் 175.25 மெகாஹெர்ட்ஸிலும் ஒலி 180.75 மெகாஹெர்ட்ஸிலும் அமையும். சாதாரண அனலாக் மாடுலேட்டரைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்.

‘இந்தக் காலத்தில் அனலாக் எதற்கு?’ என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி அலைபரப்பிகள் 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. கேபிளும் டிஜிட்டல் ஆகிவிட்டது. ஆனால் இல்லங்களில் நன்கொடையாக வந்து சேரும் பெட்டிகள் பல வகை. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கும். நேற்று வாங்கிய தட்டைத் திரைப் பெட்டியும் இருக்கும். பழைய பெட்டிகள் அனைத்திலும், புதியவற்றுள் பலவற்றிலும் அனலாக் ஏற்பி உண்டு. மேலும், கேபிள் செட்-டாப் பெட்டி இப்போது பெரும்பாலும் வேறு துளை வழியே இணைக்கப்படுவதால் ஏரியல் துளை சும்மா இருக்கிறது. அந்தத் துளையை இல்லத்தின் அலைவரிசைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்குமுன் ஒவ்வொரு பெட்டியிலும் அனலாக் ஏற்பி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாமே புதிய பெட்டிகளாக இருந்தால் டிஜிட்டல் மாடுலேட்டரோ கணிப்பொறி வலையமைப்போ பொருத்தமாகும்.

வடத்தினுள் என்ன நடக்கிறது?

கடையில் ‘ஆர்.ஜி. 6’ என்று கேட்டால் தரும் இணையச்சு வடத்தை வெட்டிப் பார்த்தால், நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் நுரை, அதன்மேல் உலோகத் தாளும் பின்னலும், வெளியே உறை என்று அடுக்கடுக்காகத் தெரியும். மின்காந்த அலை நடுக்கம்பிக்கும் உலோக உறைக்கும் இடையில் ஓடுகிறது. உறை அதை வெளியே கசியவிடாது. வெளித் தொல்லையை உள்ளே விடாது.

175 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்புறத்தில் சுமார் 5 மைக்ரான் ஆழத்திலேயே பெரும்பாலும் ஓடுகிறது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய பாதையில் ஓடுவதால் இழப்பு ஏற்படுகிறது. அதிர்வெண் கூடினால் பாதை இன்னும் மெலிகிறது, இழப்பும் கூடுகிறது. இவ்வகை வடத்தில் 100 மீட்டருக்கு 175 மெகாஹெர்ட்ஸில் சுமார் 9 டெசிபெல் இழப்பு. 550 மெகாஹெர்ட்ஸில் சுமார் 16 டெசிபெல். ஆகவே தாழ்ந்த அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

டெசிபெல் என்பது விகிதத்தைக் குறிக்கும் அளவு. திறன் பாதியானால் 3 டெசிபெல் குறைகிறது. பத்தில் ஒன்றானால் 10 டெசிபெல். நூறில் ஒன்றானால் 20 டெசிபெல். இதனால் பெருக்கல் கணக்கு கூட்டல் கணக்காகிவிடுகிறது. வடத்தில் ஓடும் குறிப்பின் வலிமையை ஒரு மைக்ரோவோல்ட்டுடன் ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். 60 டெசிபெல் மைக்ரோவோல்ட் என்றால் ஒரு மில்லிவோல்ட். தொலைக்காட்சிப் பெட்டிக்கு 60-க்குக் குறையாமலும் 80-க்கு மிகாமலும் கிடைத்தால் படம் நன்றாக இருக்கும்.

தலைமடையும் கடைமடையும்

எங்கள் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் இதை விளக்க ஓர் எளிய வழி உண்டு. பவானி ஆற்றில் கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்ற இரு வாய்க்கால்கள் பிரிகின்றன. வாய்க்கால் பாசனம் தெரிந்த எவரையும் கேளுங்கள்; தலைமடைக்காரர் அகலமாகத் திறந்துகொண்டால் கடைமடைக்காரர் வயலில் என்ன நடக்கும் என்று சொல்வார்.

ஓர் இல்லத்தில் நீண்ட தாழ்வாரம் ஒன்றும் அதன் இருபுறமும் 16 அறைகளும் இருப்பதாகக் கொள்வோம். மாடுலேட்டர் தருவது 95 டெசிபெல் மைக்ரோவோல்ட். வழக்கமாக மின்பணியாளர் என்ன செய்வார்? முதல் அறை வாசலில் இருவழிப் பிரிப்பான் ஒன்றை வைத்து ஒரு முனையை அறைக்குள்ளும் மறுமுனையை அடுத்த அறைக்கும் விடுவார். இரண்டாம் வாசலில் இன்னொன்று. இப்படியே 15 பிரிப்பான்கள். ஒவ்வொன்றிலும் பாதி பிரிவதால் 3 டெசிபெலும் உள்ளிழப்பால் ஏறத்தாழ ஒன்றும், ஆக 4 டெசிபெல் குறையும். முதல் அறைக்கு 91 கிடைக்கும். இது அளவுக்கு மிஞ்சியது. எட்டாம் அறையில் 63. ஒன்பதாம் அறையில் 59. கடைசி அறையில் 15 பிரிப்பான்களுக்கு 60 போக 35. வடத்தின் இழப்பையும் கழித்தால் 30-க்கும் கீழே. முதல் அறைக்காரர் பாதியை எடுத்துக்கொள்ள, கடைசி அறைக்காரருக்குக் கிடைப்பது முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

கடைசி அறையில் ஒரு பெருக்கியை வைத்தால் சரியாகிவிடாதா? ஆகாது. வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதால் எழும் இரைச்சல் எந்த மின்சுற்றிலும் இருக்கும். 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது சுமார் 2 டெசிபெல் மைக்ரோவோல்ட். பெட்டியின் உள் இரைச்சலும் சேர்ந்தால் இன்னும் உயரும். குறிப்பு 30-க்கு இறங்கிவிட்ட இடத்தில் பெருக்கி வைத்தால் அது படத்தையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கலங்கிய நீரை எவ்வளவு பெரிய மோட்டாரால் இறைத்தாலும் கலங்கலாகத்தானே வரும்?

சரியான வழி, நீர்ப் பங்கீட்டில் செய்வதுபோல, தலைமடையில் சிறு துளையும் கடைமடையில் பெருந்துளையும் வைப்பது. இதற்கெனவே ‘டேப்’ என்ற கருவி விற்கிறது. அதன்மேல் 20, 17, 14, 11 என்று எண் பொறித்திருக்கும். 20 என்றால் வடத்தில் ஓடும் திறனில் நூறில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு கிளைக்கும் விட்டு, மிச்சத்தில் பெரும்பகுதியை அப்பால் அனுப்பும். 17 என்றால் ஐம்பதில் ஒன்று. 14 என்றால் இருபத்தைந்தில் ஒன்று. 11 என்றால் பன்னிரண்டரையில் ஒன்று. ஒவ்வொரு படிக்கும் துளை இரட்டிப்பாவதைக் கவனியுங்கள்.

நான்கு கிளைகள் கொண்ட டேப்புகள் நான்கினை 15 மீட்டருக்கு ஒன்றாகத் தாழ்வாரத்தில் பொருத்துவோம். 15 மீட்டர் வடத்தின் இழப்பு 1.4, டேப்பிலிருந்து அறைக்குப் போகும் 10 மீட்டருக்கு 0.9. முதல் டேப்புக்கு வந்து சேர்வது 93.6. அதில் 20-உம் 0.9-உம் போக, அறைக்கு 72.7 கிடைக்கிறது. டேப்பைக் கடக்கையில் ஏறத்தாழ 1 குறையும். அடுத்த 15 மீட்டருக்கு 1.4. ஆக இரண்டாம் டேப்புக்கு 91.2, 17 என்ற எண்ணுடன் அறைக்கு 73.3. இரண்டாம் டேப்பைக் கடக்க 1.5, மூன்றாவதைக் கடக்க 2 என்று கொண்டு இவ்வாறே கணக்கிட்டால், மூன்றாம் டேப்பின் அறைகளுக்கு 73.4, நான்காம் டேப்பின் அறைகளுக்கு 73.0. பதினாறு அறைகளுக்கும் இடையே ஒரு டெசிபெல் வேறுபாடுகூட இல்லை! மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். வடம் மொத்தம் 220 மீட்டர் வேண்டும்.

நிழல் விழாதிருக்க

கடைசி டேப்புக்குப் பின் வடத்தின் முனையைச் சும்மா விட்டுவிடக் கூடாது. இவ்வடத்தின் சிறப்பு மின்னெதிர்ப்பு 75 ஓம். ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம் இது. வடத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று. முனையில் 75 ஓம் மின்தடை இருந்தால் அலை முழுவதும் அதில் உட்கொள்ளப்படும். முனை திறந்திருந்தால் சுவரில் மோதிய அலைபோலத் திரும்பி வரும்.

திரும்பிய அலை சற்றுத் தாமதமாகப் பெட்டியை அடைவதால் படத்தின் வலப்புறம் மங்கலான நிழற்படம் விழும். 40 மீட்டர் தொலைவில் முனை திறந்திருந்தால் அலை 80 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. இவ்வடத்தில் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 82 விழுக்காடு. எனவே தாமதம் 0.33 மைக்ரோநொடி. ஒரு கோட்டின் படப்பகுதி 52 மைக்ரோநொடியில் வரையப்படுகிறது. 28 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில் நிழல் சுமார் 2 மில்லிமீட்டர் தள்ளி விழும். நல்ல கண்ணுக்கு இது சிறு தொல்லை. புரை விழுந்த கண்ணுக்கோ எழுத்தே படிக்க முடியாமல் போகும். சில ரூபாய் விலையுள்ள 75 ஓம் மூடியைத் திருகிவிட்டால் தீர்ந்தது. பயன்படாத கிளைத் துளைகளையும் இவ்வாறே மூட வேண்டும்.

தொலைக்காட்சி வடத்தையும் மின்விளக்குக் கம்பியையும் ஒரே குழாயில் செலுத்துவது ஆபத்து. அதைத் தவிர்க்க வேண்டும்.

காதுக்கு ஏற்ற ஒலி

இதுவரை சொன்னது கம்பியின் இயற்பியல். முதியவரின் காதும் கண்ணும் இந்த அமைப்பின் கடைசிப் பகுதிகள் என்பதை மறக்கலாகாது.

‘பேசுவது கேட்கிறது, என்னவென்றுதான் புரியவில்லை’ என்று முதியோர் பலர் சொல்வதுண்டு. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர் அதிர்வெண்களை. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ் அதிர்வெண்களில் உள்ளது. மெய்யொலிகள் பலவற்றை வேறுபடுத்தும் கூறுகள் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளன. பசி, படி, பதி என்ற மூன்று சொற்களிலும் உயிரொலிகள் ஒன்றே. நடுவிலுள்ள மெய்தான் வேறு. அது கேளாவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒலியைக் கூட்டினால் உயிரொலிதான் மேலும் உரக்கக் கேட்கும்.

இதற்கு முதல் மருந்து ஒலிவாங்கியைப் பேசுபவரின் வாயருகே வைப்பது. தொலைவு பாதியானால் நேரே வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். 3.2 மீட்டர் தள்ளியுள்ள கேமராவின் ஒலிவாங்கிக்குப் பதில் சட்டையில் 20 சென்டிமீட்டரில் ஒன்றைக் குத்தினால் தொலைவு பதினாறில் ஒன்றாகிறது. 24 டெசிபெல் ஆதாயம். கூடத்தின் எதிரொலியும் அதனுடன் ஒப்பிடத் தணிந்துவிடும்.

செவித்துணைக் கருவி அணிபவர்க்கு இன்னொரு வழி உண்டு. சில கருவிகளில் ‘டி’ என்ற நிலை இருக்கும்; அதில் வைத்தால் ஒலிவாங்கிக்குப் பதில் உள்ளே உள்ள ஒரு சிறு சுருள் வேலை செய்யும். கூடத்தின் சுவரோரமாக ஒரு கம்பி வளையத்தை ஓட்டி, தகுந்த பெருக்கியால் ஒலிக்கேற்ற மின்னோட்டத்தை அதில் செலுத்தினால், மாறும் காந்தப்புலம் அச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல் விதிதான் இது. அறையின் இரைச்சல் எதுவும் கலவாமல் பேச்சு நேரே காதுக்குள் போய்ச் சேரும்.

கண்ணுக்கு ஏற்ற எழுத்து

இருபது வயதில் விழித்திரையை அடையும் ஒளியில், அறுபது வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அடைகிறது. கண்வில்லை மஞ்சள் படிவதால் நீலமும் மங்குகிறது. ஆகவே நீல எழுத்து வேண்டா. கரிய பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்தே நல்லது.

எழுத்தின் உயரம் எவ்வளவு? நல்ல பார்வைக்கு 5 கலை கோண அளவுள்ள எழுத்து போதும். 6/24 பார்வையுள்ளவர்க்கு அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 20 கலை வேண்டும். அதுவும் முயன்று படிக்கும் அளவே. வசதியாகப் படிக்க 40 கலை தேவை. கட்டிலுக்கும் பெட்டிக்கும் இடையே 3 மீட்டர் என்றால் எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 32 அங்குலப் பெட்டியின் திரை உயரம் 40 சென்டிமீட்டர். தமிழ் எழுத்தின் மேல்விலங்குக்கும் கீழ்ச்சுழிக்கும் இடம் விட்டால் திரைக்கு ஐந்து வரிதான். அறிவிப்பு எழுதுவோர் ஐந்து வரிக்குள் நிறுத்திக்கொள்ளப் பழக வேண்டும்.

எதைக் காட்டுவது?

காலையில் தேதி, கிழமை, அன்றைய உணவு, பணியிலிருக்கும் செவிலியர் பெயர் ஆகியவை எழுத்தில் வரலாம். கூடத்து வழிபாடு, மருத்துவர் பேச்சு, நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி ஆகியவற்றை நேரடியாகக் காட்டலாம். இவற்றைவிட மதிப்புள்ளது, அங்கே வாழ்வோரே பேசுவது. பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். மஞ்சள் வேகவைத்தவர், தறி நெய்தவர், பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர் என்று ஒவ்வோர் இல்லத்திலும் பலர் இருப்பர். பதினைந்து நிமிடம் அவர் பேச, மற்ற அறைகளில் இருப்போர் கேட்பர். மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர் அவரிடம் ஒரு கேள்வி கேட்பார். பேச்சு அங்கிருந்து தொடரும். எழ முடியாதவரின் கட்டிலருகே கேமராவைக் கொண்டுபோனால் அவரும் ஒருநாள் பேச்சாளர் ஆகலாம்.

சில வரம்புகளும் உண்டு. கேமரா ஓடும்போது எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். விருப்பம் கேளாமல் எவரையும் காட்டலாகாது. அறைகளில் நிலையாகக் கேமரா வைக்கவே கூடாது. இது கண்காணிப்புக் கருவி அன்று. திரைப்படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. உரியவர் இசைவின்றி அவற்றை ஓட்டலாகாது. வடத்துக்குள் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏரியல் மாட்டி வானில் பரப்புவதற்கு அரசின் உரிமம் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் விழா தெரிகிறதே என்று படுத்திருப்பவரை எட்டிப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

கல்லூரி, மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர் இல்லத்தில் இதை ஒரு விடுமுறைப் பணியாக எடுத்துச் செய்யலாம். மின்னிணைப்பு வேலைகளை மட்டும் தகுதியுள்ள பணியாளரிடம் விட்டுவிட வேண்டும். வேலை முடிந்ததும் மாடுலேட்டருக்கு அருகிலுள்ள அறையில் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். தாழ்வாரத்தின் கோடியிலுள்ள அறைக்குச் செல்லுங்கள். கட்டிலில் இருப்பவரின் தலையணை உயரத்துக்குக் குனிந்து திரையைப் பாருங்கள். ‘எழுத்து தெரிகிறதா, பேச்சு புரிகிறதா?’ என்று அவரிடம் கேளுங்கள். ‘ஆம்’ என்று அவர் சொன்ன பிறகு கருவிப் பெட்டியை மூடலாம்.